சோழியில் கணித்த கிரகணம்: லெ ஜாந்தி கண்ட புதுச்சேரி

இணையத்தில் கைமாறிக்கொண்டே இருக்கும் வியப்பூட்டும் துணுக்குகளில் ஒன்று புதுச்சேரியைப் பற்றியது. பிரெஞ்சு வானியலாளர் ஒருவர் சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்கக் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார். முதல் தடவை போர் கெடுத்தது. எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். இரண்டாம் தடவை மேகம் மறைத்தது. ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் சொன்னது. சொத்தை உறவினர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ‘உலகத்திலேயே அதிர்ஷ்டம் கெட்ட வானியலாளர்’ என்ற தலைப்போடு இது பல மொழிகளிலும் உலவுகிறது. செய்தி பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த மனிதர் புதுச்சேரியில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கி என்ன செய்தார் என்பது அந்தத் துணுக்கில் இல்லை. அவர் சாதித்தது அங்கேதான்.

அவர் பெயர் கியோம் லெ ஜாந்தி. 1725இல் நார்மண்டியின் கூத்தான்ஸ் நகரில் பிறந்தவர். பாரிஸ் அறிவியல் கழக உறுப்பினர். இன்று எம் 32, எம் 36, எம் 38 என்று குறிக்கப்படும் விண்பொருள்களை 1749இல் பார்த்துப் பதிவு செய்தவர். வெள்ளி இடைநகர்வு அந்த நூற்றாண்டின் பெரிய அறிவியல் முயற்சி. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு அப்போது துல்லியமாகத் தெரியாது. வெள்ளி சூரிய வட்டத்தைக் கடக்கும் நேரத்தைப் பூமியில் தொலைதூர இடங்களிலிருந்து அளந்தால், இடத்துக்கு இடம் ஏற்படும் வேறுபாட்டிலிருந்து அந்தத் தொலைவைக் கணக்கிடலாம் என்று எட்மண்ட் ஹாலி 1716இல் விளக்கியிருந்தார். இடைநகர்வு இரண்டிரண்டாக, எட்டாண்டு இடைவெளியில் வரும். ஒரு சோடிக்கும் அடுத்ததற்கும் இடையே நூறாண்டுக்கு மேல் ஆகிவிடும். 1761, 1769 ஆகிய இரண்டையும் தவறவிட்டால் அடுத்தது 1874தான். அதனால்தான் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே பல நாட்டு வானியலாளர்கள் கடல் கடந்து புறப்பட்டார்கள்.

லெ ஜாந்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் புதுச்சேரி. 1760 மார்ச் மாதம் பிரெஸ்த் துறைமுகத்திலிருந்து கிளம்பி, ஜூலையில் மொரீசியஸ் சேர்ந்தார். அங்கிருந்து புதுச்சேரிக்குக் கப்பல் கிடைக்க மறு ஆண்டு மார்ச் ஆகிவிட்டது. அதற்குள் இங்கே எல்லாம் மாறியிருந்தது. நெடுநாள் முற்றுகைக்குப் பிறகு, 1761 ஜனவரி 16இல் புதுச்சேரி ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் வீழ்ந்தது. நகரத்தின் அன்றாட வாழ்வைக் கால் நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பில் எழுதிவந்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை அதற்கு நான்கு நாள் முன்புதான் காலமானார். கோட்டையை வென்றவர்கள் அதைத் தரைமட்டமாக்கினார்கள். இந்தச் செய்தி லெ ஜாந்தி பயணம் செய்த கப்பலுக்கு எட்டியது மே 24இல், மாஹே கடற்கரையருகே. கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று வானம் தெளிவாகவே இருந்தது; வெள்ளி சூரியனைக் கடப்பதை அவர் கப்பல் தளத்திலிருந்து பார்த்தார். ஆனால் ஆடும் கப்பலில் ஊசற் கடிகாரம் ஓடாது. கப்பல் நின்ற இடத்தின் தீர்க்கரேகையும் உறுதியாகத் தெரியாது. நேரமும் இடமும் இல்லாத அந்தக் காட்சியால் கணக்குக்குப் பயனில்லை. அதே நாளில் சென்னையிலும் தரங்கம்பாடியிலும் இருந்தவர்கள் அதைப் பார்த்து அளந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இழப்பின் அளவு புரியும்.

இரண்டாவது இடைநகர்வு வரை இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே இருந்துவிடுவது என்று லெ ஜாந்தி முடிவெடுத்தார். மடகாஸ்கரின் கரையோரத்தை ஆராய்ந்தார். 1766இல் மணிலா சென்றார். அங்கேயே தங்கி இடைநகர்வைப் பார்க்க விரும்பினார். ஆனால் பாரிஸ் கழகத்தின் விருப்பம் புதுச்சேரியாக இருந்தது. மணிலாவின் ஸ்பானிய ஆளுநரோ அவருடைய கடிதங்களையே சந்தேகித்தார். இதற்கிடையே, போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கைப்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியிருந்தது. 1768 மார்ச் 27இல் அவர் அங்கே இறங்கியபோது ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் வரவேற்று, இடிந்த கோட்டையின் மிச்சத்தின் மேலேயே ஒரு வானாய்வுக் கூடம் கட்டிக்கொடுத்தார். இன்றைய பாரதி பூங்காவைச் சுற்றியுள்ள பகுதிதான் அந்தப் பழைய கோட்டை நின்ற இடம். ஆங்கிலேயர் சென்னையிலிருந்து ஒரு தொலைநோக்கியை அனுப்பி உதவினார்கள். எட்டாண்டுக்கு முன் ஊரை இடித்தவர்களே கண்ணாடி இரவல் தந்தது அக்கால அறிவியலின் நல்ல பக்கம். இடிபாடுகளின் அன்றைய தோற்றத்தைக் காட்டும் செதுக்குப் படம் அவருடைய நூலில் இருக்கிறது. 1760களின் புதுச்சேரியை நேரில் கண்டவரிடமிருந்து வந்த அரிய காட்சிப் பதிவு அது.

1769 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. இடைநகர்வின் கடைசிப் பகுதி மட்டுமே புதுச்சேரியில் தெரியும். சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன் வட்டத்துக்குள் இருக்கும், காலை ஏழு மணி வாக்கில் வெளியேறிவிடும். முந்தைய இரவு வானம் தெளிவாக இருந்தது. அதிகாலை இரண்டு மணிக்கு அவர் விழித்தபோது கடலோர மணல்திட்டில் அலை முனகும் ஓசை கேட்டது. காற்றுத் திசை மாறிவிட்டதன் அறிகுறி அது. சிறிது நேரத்தில் வானம் மூடிக்கொண்டது. ஐந்து மணி அளவில் சூறைக் காற்று வீசியது. வெள்ளி வெளியேறிய பிறகுதான் மேகம் விலகியது. அன்று மிச்சப் பொழுது முழுவதும் நல்ல வெயில். இரண்டு வாரத்துக்கு மேல் அவரால் நாட்குறிப்பைத் தொடர முடியவில்லை. பேனா கையிலிருந்து நழுவியது என்று அவரே பதிவு செய்கிறார். அவர் தங்க விரும்பிய மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது என்பது பிறகு தெரிந்தது. தாஹித்தியில் கடலோடி ஜேம்ஸ் குக்கின் குழுவினர் உட்பட மற்ற இடங்களில் அளந்தவர்களின் கணக்குகளைத் தொகுத்து பிரெஞ்சு வானியலாளர் லலாந்த் 1771இல் சூரியனின் தொலைவு ஏறத்தாழ 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் என்று கண்டார். இன்றைய மதிப்பு 14 கோடியே 96 லட்சம். அந்தத் தொகுப்பில் புதுச்சேரியின் பங்கு எதுவும் இல்லை.

1770 மார்ச்சில் நோயோடு புறப்பட்டவர், புயலில் சிக்கி மொரீசியசுக்கே திரும்ப நேர்ந்து, கடைசியில் ஸ்பானியக் கப்பல் ஒன்றில் ஏறி 1771 அக்டோபரில் பிரெஞ்சு மண்ணை மிதித்தார். பதினோராண்டு, ஆறு மாதம், பதின்மூன்று நாள் என்பது அவர் போட்ட கணக்கு. துணுக்குகளில் மிகை புகுவது இந்த இடத்தில்தான். அவர் மனைவி மறுமணம் செய்துகொண்டார் என்று இணையத்தில் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. புறப்பட்டபோது அவருக்குத் திருமணமே ஆகவில்லை. திரும்பிய பிறகுதான் மணந்தார், ஒரு மகள் பிறந்தாள். கழகத்தில் அவருடைய இருக்கை மீண்டும் கிடைத்தது. 1792இல் இறக்கும்வரை பாரிஸ் வானாய்வகத்தில் நிம்மதியாக வாழ்ந்தார். பயணத்தை 1779இலும் 1781இலும் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். கனடிய வானியலாளர் ஹெலன் சாயர் ஹாக் 1951இல் பழைய நூல்களைப் பற்றி எழுதிவந்த பத்தியில் இந்தக் கதையை விரிவாகச் சொன்னார்; ஆங்கிலம் படிப்பவர்களிடம் அது பரவியதில் அந்தப் பத்திக்குப் பெரும் பங்கு உண்டு. கைமாறும்போது துயரம் கூடியது, உழைப்பு உதிர்ந்துபோனது.

உதிர்ந்துபோன அந்தப் பகுதியைப் பார்ப்போம். இடைநகர்வுக்கு ஓராண்டுக்கு மேல் இருந்ததால், புதுச்சேரியில் அவர் பருவக்காற்றையும் வளிமண்டல ஒளிவிலகலையும் ஆராய்ந்தார். கூடவே உள்ளூர்க் கணிதர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். அவர் கண்டது இது: கணிப்பவர் தாளும் பேனாவும் எடுக்கவில்லை. தரையில் சோழிகளை வைத்தார். ராசிக்கு ஓரிடம், பாகைக்கு ஓரிடம், கலைக்கு ஓரிடம். கூட்ட வேண்டுமானால் சோழி சேரும். கழிக்க வேண்டுமானால் எடுக்கப்படும். அறுபது கலை நிறைந்தால் அவை அகன்று பாகையின் இடத்தில் ஒரு சோழி ஏறும். வாயில் ஏதோ சொற்றொடர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. 1765 ஆகஸ்டு 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தை இப்படி ஒரு தமிழர் முக்கால் மணி நேரத்தில் கணித்துக்காட்டினார். அது நீடித்த நேரத்தை உண்மையான அளவைவிட 41 விநாடி குறைவாக அவர் சொன்னதாக லெ ஜாந்தி கண்டார். அப்போது ஐரோப்பாவில் மிகச் சிறந்ததாக மதிக்கப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகச் சொன்னது.

இந்தத் தகவல் பாரிஸ் கழகத்தின் 1772ஆம் ஆண்டுத் தொகுதியில் வந்ததும் ஐரோப்பிய அறிஞரிடையே பெரும் ஆர்வம் கிளம்பியது. லெ ஜாந்தி கொண்டுசென்ற அட்டவணைகளுக்குத் ‘திர்வலூர்’ அட்டவணை என்றே பெயர் நிலைத்தது. நாகப்பட்டினத்துக்கு மேற்கே உள்ள ஊர் என்ற குறிப்பைக் கொண்டு அது திருவாரூர் என்று அறியலாம். ஜான் சில்வன் பெய்யி என்ற வானியலாளர் 1787இல் இந்திய வானியலைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதி, கலியுகத் தொடக்கமான கி.மு. 3102இல் இங்கே நேரடியாக வானத்தை அளந்திருக்கிறார்கள் என்று வாதிட்டார். எடின்பரோவின் ஜான் பிளேஃபேர் 1790இல் அதை ஆதரித்தார். பிரெஞ்சு வானியலாளர் லப்லாஸ் மறுத்தார்: அந்தத் தொடக்கம் பிற்காலத்தார் பின்னோக்கிக் கணக்கிட்டு வைத்துக்கொண்டது என்பது அவர் முடிவு. இன்றைய ஆய்வாளர் முடிவும் அதுவே. ஐயாயிரம் ஆண்டுத் துல்லியம் என்ற பெருமிதம் இன்றும் இணையத்தில் சுற்றுவதால், அதற்கு 18ஆம் நூற்றாண்டிலேயே மறுப்பு வந்துவிட்டது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 41 விநாடி என்ற எண்ணையும் அதே கவனத்தோடுதான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கிரகணத்தை வைத்து ஒரு முறையின் நுட்பத்தை எடைபோட முடியாது.

இதற்கு மறு சோதனை புதுச்சேரியிலேயே நடந்தது. அதைச் செய்த ஜான் வாரன் இடைநகர்வு நிகழ்ந்த அதே 1769இல் பிறந்தவர். அயர்லாந்து வழிவந்த பிரெஞ்சுக் குடும்பம். ஆங்கிலேயப் படையில் சேர்ந்து, கோலார்ப் பகுதியில் தங்கம் கிடைப்பதை 1802இல் ஆராய்ந்து அறிக்கை தந்தவர். பிறகு சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர். கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்து, 1830இல் அங்கேயே இறந்தார். தென்னிந்தியக் காலக்கணக்கு முறைகளைத் தொகுத்து அவர் எழுதிய ‘கால சங்கலிதம்’ 1825இல் சென்னையில் அச்சாகியது. புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக்காரர், 1825 மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைத் தம் எதிரே கணித்துக்காட்டியதை வாரன் அதில் படிப்படியாக விவரிக்கிறார். வானியல் கோட்பாடு எதுவும் அந்தப் பஞ்சாங்கக்காரருக்குத் தெரியாது. அசாத்தியமான நினைவாற்றல் இருந்தது. அட்டவணை முழுவதையும் சொற்களாக மனத்தில் வைத்துக்கொண்டு, சோழியைத் தரையில் நகர்த்தியே விடையைக் கண்டார். விடை கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியது. லெ ஜாந்தியின் 41 விநாடியையும் வாரனின் 52 நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இந்த முறையின் உண்மையான உருவம் தெரிகிறது. சில சமயம் வியக்கத்தக்க அளவு நெருங்கும். சில சமயம் விலகும். ஆனால் தொலைநோக்கியோ எழுதுகோலோ இல்லாமல், இன்ன இரவு இன்ன நேரத்தில் நிலவு மறையும் என்று தரையில் உட்கார்ந்து சொல்லிவிடும்.

சொற்களில் எண் ஒளிந்திருக்கும் விதம் இது. வடமொழி மெய்யெழுத்துகளுக்கு எண்கள் உண்டு: கவில் தொடங்கி ஒன்று, இரண்டு என எண்ணிப் போவது; டவில் மீண்டும் ஒன்றிலிருந்து; பவிலும் யவிலும் அப்படியே. இதற்குக் கடபயாதி என்று பெயர். சொல்லை எண்ணாக்கும்போது வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். சொல்லின் ஈற்று மெய்க்கு மதிப்பு இல்லை. வாரன் குறித்துக்கொண்ட ‘தேவரம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், டவிலிருந்து எண்ணும்போது மெல்லொலித் ‘த’ எட்டாவதாக வரும், வ நான்கு, ர இரண்டு. 8, 4, 2 என்பதைத் திருப்பினால் 248. ‘கலானிலம்’ என்பது 1, 3, 0, 3, திருப்பினால் 3031. இந்த இரண்டு எண்களும் சும்மா வந்தவை அல்ல. பூமியிலிருந்து மிகத் தொலைவான நிலையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அதே நிலைக்கு வர நிலவுக்கு ஏறத்தாழ 27.5546 நாளாகும். அப்படி ஒன்பது சுற்று முடிய 248 நாள். 110 சுற்று முடிய 3031 நாள். இரண்டிலும் மிச்சம் ஒரு நாளின் நூறில் ஒரு பங்குக்கும் கீழே.

இதை வைத்துக்கொண்டு நிலவின் இடத்தைக் காண்பது எளிது. கலியுகத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை கழிந்த நாள்களை எண்ண வேண்டும். அதிலிருந்து 16,00,984 என்ற பெரிய எண்ணைக் கழிக்க வேண்டும், அது கி.பி. 1282 மே மாதத்தின் ஒரு நாளைக் குறிக்கும். மிச்சத்திலிருந்து 12,372ஐ எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை நீக்கி, பிறகு 3031ஐயும் 248ஐயும் அப்படியே நீக்கினால், எஞ்சுவது 248க்குக் குறைந்த ஓர் எண். அந்த எண்ணுக்கு உரிய, வாக்கியம் எனப்படும் மனப்பாடச் சொற்றொடரைச் சொன்னால் நிலவு நகர்ந்த தூரம் வந்துவிடும். வாக்கியங்கள் மொத்தம் 248. முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை என்று பொருள்படும். மிகத் தொலைவில் இருக்கும்போது நிலவு ஒரு நாளில் நகரும் மெதுவான தூரம் அது. பெருக்கல் அட்டவணையோ கோணக் கணிதமோ தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்ய ஏற்றவாறு யாரோ பெரிய மேதைகள் கடினமான கணக்கை எல்லாம் முன்கூட்டியே முடித்து வைத்துவிட்டார்கள். இந்த மரபின் இலக்கண நூலான ‘வாக்கியகரணம்’ கி.பி. 1300ஐ ஒட்டிக் காஞ்சிபுரம் பகுதியில் எழுந்ததாகக் கருதப்படுகிறது, டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்து 1962இல் சென்னையில் வெளியிட்டார்கள்.

வாரனின் நூல் நூறாண்டுக்கு மேல் அதிகம் பேர் தொடாமல் கிடந்தது. பாபிலோனிய வானியலின் களிமண் ஏடுகளைப் படித்துப் புகழ்பெற்ற ஓட்டோ நியூகெபவர் 1952இல் ‘தமிழ் வானியல்’ என்ற தலைப்பில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரரின் 248 நாள் கணக்கும், பாபிலோனிய மரபிலும் உரோமக் காலத்து எகிப்தியப் பாப்பிரஸ் ஏட்டிலும் காணப்படும் கணக்கும் ஒரே அடிப்படையில் அமைந்தவை என்று அவர் காட்டினார். 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரரின் தொகுப்பிலும் அது உண்டு. யூப்ரட்டீஸ் கரையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் வழங்கிய ஒரு கணக்கை, அதன் வரலாறு எதுவும் தெரியாத ஒருவர் 1825இல் புதுச்சேரித் தரையில் சோழி வைத்துப் போட்டுக்காட்டியிருக்கிறார். இணையத்தில் சுற்றும் துணுக்குகளில் இதைவிட வியப்பானது அரிது. ஆனால் இது அங்கே அவ்வளவாகச் சுற்றுவதில்லை.

அந்தக் கணக்கு எந்த வழியாக வந்தது என்ற கேள்வி எழும்போது, நகரத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு நினைவுக்கு வருவது இயல்பு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். இத்தாலிய அரெத்தீன் மட்கலமும் மதுச் சாடித் துண்டுகளும் கிடைத்தன. 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி ஆகியோரின் அகழாய்வுகள் தொடர்ந்தன. உரோம உலகோடு வணிகம் நடந்ததற்குச் சான்று திடமாக இருக்கிறது. அந்தக் கப்பல்களில் வானியல் அறிவும் வந்தது என்பதற்கு நேர்ச் சான்று இல்லை. நிலவழியாக வட இந்தியா வந்து தெற்கே பரவியிருக்கவும் கூடும். வியப்பான விஷயம், அந்தப் பகுதிக்கும் லெ ஜாந்தி போயிருக்கிறார். ஆற்றங்கரையில் வெளித்தெரிந்த பழைய சுவர்களையும் பெரிய செங்கற்களையும் குறிப்பிடுகிறார். வீராம்பட்டினத்துக்கு அருகே மணலில் பாதி புதைந்திருந்த, அமர்ந்த நிலையிலுள்ள ஒரு கருங்கல் சிலையைக் கண்டு ஊராரிடம் விசாரித்தபோது, அது ‘பவுத்’ என்றும், அதன் வழிபாடு நின்றுபோய் நெடுங்காலம் ஆகிவிட்டது என்றும் சொன்னார்களாம். சயாம் நாட்டுப் புத்தர் உருவத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார். தொல்லியல் துறை என்று ஒன்று தோன்றுவதற்கு முன்பே, வெள்ளியைப் பார்க்க வந்தவர் எழுதிவைத்த குறிப்பு இது.

இவை எல்லாம் இன்று வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன. லெ ஜாந்தியின் இரு தொகுதிகளும் பிரான்சு தேசிய நூலகத்தின் ‘கலிக்கா’ மின்னூலகத்தில் உள்ளன. வாரனின் ‘கால சங்கலித’மும் மின்படியாகக் கிடைக்கிறது. புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியும் காக்கும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளின் தொகுப்பை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. துணுக்கைப் பகிர்பவர் மூலத்தின் பக்கத்தைத் திறக்க இப்போது தடை எதுவும் இல்லை. மொழி மட்டுமே தடை. லெ ஜாந்தியின் புதுச்சேரிப் பகுதி முழுவதும் தமிழில் வர வேண்டும். தமிழரிடம் உட்கார்ந்து கற்றதை அவர் தம் மொழியில் எழுதினார். அது தமிழுக்குத் திரும்பி வருவது நியாயம்.

வாக்கியமும் பழங்கதையாகிவிடவில்லை. 1874 டிசம்பர் 9இல் வெள்ளி மறுபடி சூரியனைக் கடந்தபோது, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதை மக்களுக்கு விளக்கச் சிறு நூல் எழுதினார். கண்ணால் பார்த்துச் சரிசெய்த திருக்கணித முறைக்குப் பஞ்சாங்கம் மாற வேண்டும் என்று அவர் வாதாடினார். அப்போது மூண்ட விவாதம் இன்னும் ஓயவில்லை. 2025 மார்ச் 29இல் சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் சொன்னபோது, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் உள்ள திருநள்ளாறு கோயில் நிர்வாகம், தங்கள் மரபு வாக்கியப் பஞ்சாங்கமே என்றும் அதன்படி பெயர்ச்சி 2026இல்தான் என்றும் அறிவித்தது.